நன்றிக்குப் பிறகு ஒன்பது விநாடி

என்ன வேலை என்று யாராவது கேட்டால் பெரியம்மா இரண்டே வரியில் சொல்லிவிடுவார். "பேச வர்றவங்களுக்கு மைக்கைப் போடுவேன். பேசி முடிச்சா அணைப்பேன்." கேட்டவர்கள் அதற்கு மேல் ஒன்றும் கேட்பதில்லை. இருபத்திரண்டு வருடமாக அவரும் அதற்கு மேல் ஒன்றும் சொன்னதில்லை.

மாநாட்டு மண்டபத்தின் மூன்றாம் தளத்தில், மேடைக்கு வலப்பக்கச் சுவரை ஒட்டி ஏழு கண்ணாடி அறைகள் உண்டு. ஆறில் மொழிபெயர்ப்பாளர்கள் இருப்போம், அறைக்கு இருவர். ஏழாவது பெரியம்மாவுடையது. அவர் என் அம்மாவின் அக்கா. நான் படித்து முடித்து ஆறாவது அறைக்கு வந்து சேர்ந்தபோது, நடுவிலிருந்த கண்ணாடி வழியாக ஒருமுறை தலையாட்டினார். வேலை நேரத்தில் எங்கள் உறவு அவ்வளவுதான்.

அவருக்கு முன்னால் சாய்வான ஒரு பலகை. கீழே நாற்காலிகள் எப்படிப் போடப்பட்டிருக்கின்றனவோ அதே வரிசையில் பலகையில் பொத்தான்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் கீழே அந்த மேசை மைக்கின் கழுத்தில் சிவப்பு வளையம் எரியும். மறுபடி அழுத்தினால் அணையும். நாற்காலியில் பச்சை உறை போட்ட சின்ன மெத்தை, வீட்டிலிருந்து கொண்டுவந்தது. மண்டபத்தில் நாற்காலிகளை மூன்று முறை மாற்றிவிட்டார்கள். மெத்தை மட்டும் மாறவில்லை.

அதற்கு முன் அவர் தொலைபேசி நிலையத்தில் வெளியூர் டிரங்க் கால்களை இணைத்துக்கொண்டிருந்தார். மூன்று நிமிடம் ஆனால் துண்டிக்க வேண்டும். ஒருநாள் யாரோ ஒருவர் தன் தம்பியிடம் "அம்மாவுக்கு உடம்பு" என்று சொல்லும்போது மூன்று நிமிடம் ஆகிவிட்டது. துண்டித்தார். மறுபடி இணைப்புக் கிடைக்க நாற்பது நிமிடம். உடம்பு தேறிவிட்டது என்பதைத்தான் அண்ணன் சொல்ல வந்திருக்கிறார். அதற்குள் தம்பி அழுதுகொண்டே ரயிலேறிவிட்டார். பெரியம்மா இதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனாலும் அன்றிலிருந்து யாரையும் பாதி வாக்கியத்தில் வெட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டார். நிலையம் தானியங்கி ஆனதும் ஆட்களைப் பல அலுவலகங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். அவருக்கு மண்டபம் கிடைத்தது. வழக்கமும் கூடவே வந்தது.

எங்களுக்கு அது பெரிய உபகாரம். பேசுகிறவரைப் பாதியில் வெட்டினால் மொழிபெயர்ப்பவர் அந்தரத்தில் நிற்க வேண்டும். பெரியம்மா பலகையில் இருந்தால் அந்தப் பயமில்லை. பேச்சாளர் ஒரு வாக்கியத்தை முடித்து மூச்சு வாங்கும் இடம் பார்த்துத்தான் விரல் இறங்கும். அதனால் கண்ணாடி அறைகளில் அவருக்குப் பெயர் புல்ஸ்டாப் அக்கா.

அவருடைய பணிப்பதிவேட்டில் ஒவ்வொரு வருடக் கடைசியிலும் ஒரே வரி எழுதப்பட்டிருக்கும்: புகார் ஏதும் இல்லை. அப்படி இருபத்திரண்டு வரிகள். ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. அதே நாற்காலியில் இருந்து, இருபத்துமூன்றாவது வரியையும் வாங்கிக்கொண்டு போவது என்று முடிவு செய்திருந்தார். வேறு ஆசைகளைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

எங்கள் மண்டபத்தில் ஆண்டுக்கு ஒருமுறை உலக மாநாடு ஒன்று கூடும். நடுவில் நீள்வட்ட மேசை. அதில் இருபது பெரிய நாடுகள். அவர்களுக்குப் பின்னால் மற்ற நாடுகள். கடைசிச் சுவரை ஒட்டி, மிகச் சிறிய நாடுகளும் சங்கங்களும். இவர்களுக்கு மேசை கிடையாது. நாற்பது நாற்காலிக்கு நடுவில் ஒரே ஒரு நிற்கும் மைக். விதிப்படி எல்லோருக்கும் மூன்று நிமிடம். நடைமுறையில், தலைவர் கையிலிருக்கும் பேனாதான் விதி. பேனா மேசையில் படுத்திருந்தால் பேச்சாளர் தொடரலாம், தூக்கிவிட்டால் பெரியம்மா அணைக்க வேண்டும். நீள்வட்ட மேசைக்காரர்கள் பேசும்போது அந்தப் பேனா எழுந்து நான் பார்த்ததில்லை. ஐந்து நிமிடம், ஆறு நிமிடம் போகும். அவர்கள் தாங்களாக முடிக்கும் இடம் வரைக்கும் பெரியம்மா காத்திருப்பார்.

பின்வரிசையின் முறை வரும்போது சாயங்காலம் ஐந்தரை ஆகியிருக்கும். ஆறு மணிக்கு எங்கள் வேலை நேரம் முடிகிறது. ஆகவே ஒவ்வொரு வருடமும் தலைவரிடமிருந்து மேலே ஒரு சீட்டு வரும்: பின்வரிசை மூன்று நிமிடம், ஒரு விநாடி கூடக் கூடாது. பெரியம்மா இரண்டே முக்கால் நிமிடத்திலிருந்தே காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். மூன்று நிமிடத்தைத் தாண்ட விட முடியாது, பாதி வாக்கியத்திலும் வெட்ட முடியாது. எனவே அதற்கு முன்னால் ஒரு வாக்கியம் முடிகிற இடத்தில் அணைத்துவிடுவார். எல்லோரையும் வாக்கியத்தின் முடிவில்தான் நிறுத்துகிறோம், யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை என்பது அவர் எண்ணம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

மாநாட்டில் நாலு பேர் முடிவு செய்வதற்கு மற்றவர்கள் கைதட்டிவிட்டுப் போவதாகப் பல வருடங்களாகக் குறை இருந்தது. கடைசியில் மாநாட்டையே சீர்திருத்த ஒரு குழு போட்டார்கள். வாக்குரிமை, தலைமை சுழற்சி, அழைப்புப் பட்டியல் என்று குழுவினர் பெரிய விஷயங்களைப் பேசிக்கொண்டிருந்தார்கள். குழுவின் செயலர் மட்டும் மண்டபத்துக்கு வந்து ஆறு வருட மைக் பதிவைக் கேட்டார். நாற்பது வயது இருக்கும். தட்டைச் செருப்பு, வாயில் எப்போதும் ஒரு பெப்பர்மிண்ட். எந்த மைக் எத்தனை மணிக்கு எரிந்தது, எப்போது அணைந்தது என்று இயந்திரம் தானாகக் குறித்துவைக்கிறது. அதுவரை அதை யாரும் கேட்டதில்லை.

ஒரு வாரம் கழித்து மண்டப மேலாளர் பெரியம்மாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். செயலரும் அங்கே இருந்தார். சந்திப்புக் குறிப்பெடுக்க என்னை உட்காரவைத்திருந்தார்கள்.

"நேரக் கட்டுப்பாடெல்லாம் மெஷின் பண்றது, மேடம். எல்லாருக்கும் ஒரே மெஷின். இதுல பெரியவன் சின்னவன்னு ஒண்ணும் கிடையாது" என்றார் மேலாளர்.

செயலர் ஒரு தாளைத் திருப்பி வைத்தார். "பின்வரிசை மைக்கைப் பாருங்க, சார். ரெண்டு நிமிஷம் அம்பத்தோரு செகண்டு. அப்புறம் அம்பத்தாறு. அம்பத்தி மூணு. மெஷினா இருந்தா மூணு நிமிஷம்னா மூணு நிமிஷம்தானே? இவ்வளவு தாராளமா முன்னாடியே முடிக்கிற மெஷினை நான் பார்த்ததில்ல."

"பழைய மெஷின், மேடம். கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்."

"முன்னதான் இருக்கு சார். பின்ன ஒண்ணைக்கூடக் காணோம்."

மேலாளர் இருமினார். மைக் இயக்குபவர் என்ற முறையில் பெரியம்மாவிடம் எழுத்து வாக்குமூலம் ஒன்று வேண்டும், திங்கட்கிழமைக்குள் தந்தால் போதும் என்று செயலர் சொன்னார். எழுந்தவர், "ஒரு பத்து நிமிஷம் இருக்கா? கீழ போயிட்டு வரலாம்" என்று பெரியம்மாவைக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன்.

இருபத்திரண்டு வருடத்தில் பெரியம்மா மண்டபத்தின் கடைசிச் சுவர் வரை போனதே இல்லை. சோதித்துப் பார்ப்பதும் துடைப்பதும் வேறு ஆட்களின் வேலை. அவருக்குத் தெரிந்த மண்டபம் மேலிருந்து தெரிவது, தலைகளின் உச்சி. கடைசிச் சுவரருகே நின்றால் ஒரு தூண் மேடையில் பாதியை மறைத்தது. தலைவரின் நாற்காலி அந்தப் பாதியில் இருந்தது.

"பேசுங்க" என்று செயலர் நிற்கும் மைக்கைக் காட்டினார்.

"எரியுதா?"

"நீங்களே பாருங்க."

பெரியம்மா மைக்கைச் சுற்றிப் பார்த்தார். தண்டைத் தடவினார், குனிந்து அடிப்பக்கம் பார்த்தார். அதில் சிவப்பு வளையம் இல்லை. பழைய மாடல். மேசைகளுக்குப் புது மைக் வந்தபோது இதை அப்படியே விட்டுவிட்டிருக்கிறார்கள். மேலே பலகையில் மட்டும் எல்லாப் பொத்தான்களும் ஒரே மாதிரி எரியும்.

"அணைச்சதுக்கப்புறமும் பின்னாடி இருக்கறவங்க வாயை அசைச்சுக்கிட்டே இருப்பாங்க. ஒழுங்கு தெரியாத ஆளுங்கன்னு நெனச்சேன்" என்றார் பெரியம்மா.

செயலர் அவரை நாற்காலியில் உட்காரவைத்து காதில் மாட்டும் கருவியைக் கொடுத்தார். அதில் ஓடியது தீவு நாடு ஒன்றின் பிரதிநிதியின் பேச்சுப் பதிவு. ஆறு வருடமாக வருகிறவர், வழுக்கைத் தலை. மேலிருந்து எங்களுக்கு நன்றாகப் பழக்கம். கடலரிப்பு, குடிநீர் என்று நிதானமாகப் பேசி, "வாய்ப்புக்கு நன்றி, தலைவரே" என்பதோடு பதிவு முடிந்தது. அதற்கு முந்தைய வருடமும் அதே நன்றியோடு முடிந்தது. ஆறு வருடமும் அப்படியே. பிறகு செயலர், அந்தப் பிரதிநிதி எழுதிவைத்துப் படித்த தாள்களைக் காட்டினார். அவரிடமிருந்தே வாங்கிவந்திருந்தார். ஒவ்வொரு தாளிலும் நன்றிக்குப் பிறகு ஒரு வரி இருந்தது: மாநாட்டின் வரைவுத் தீர்மானங்களை ஒரு மாதம் முன்னதாக, எங்களுக்குப் புரியும் மொழியில் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம், முந்தின நாள் இரவு தந்தால் எங்களால் படித்து வாக்களிக்க முடிவதில்லை.

படித்துப் பார்த்தால் ஒன்பது விநாடி ஆகும். செயலர் கடிகாரம் வைத்துப் படித்துக் காட்டினார்.

"நன்றி சொல்லிட்டாரேன்னு..." என்றார் பெரியம்மா.

"அவங்க பக்கத்துல நன்றி சொல்லிட்டுத்தான் கேப்பாங்களாம். கேட்டுட்டு நன்றி சொன்னா, கொடுத்தே ஆகணும்னு நெருக்கற மாதிரி ஆயிடுமாம்."

பெரியம்மா கருவியைக் கழற்றி, அதன் கம்பியை ஒழுங்காகச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். அந்த ஆறு பேச்சையும் மொழிபெயர்த்தது ஆறாவது அறை. கடைசி இரண்டும் என்னுடையவை. ஒலி நின்றதும் நானும் ஒலியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை மேலாளர் தட்டச்சு செய்த ஒரு தாளை அனுப்பினார். பேச்சு நேரத்தை இயந்திரம் தானாகவே கட்டுப்படுத்துகிறது, இயக்குபவரின் தலையீடு எதுவும் இல்லை என்று அதில் இருந்தது. கீழே கையெழுத்துப் போட இடம். அந்தத் தாள் போய்ச் சேர்ந்தால் செயலரின் கணக்கு 'பழைய இயந்திரக் கோளாறு' என்று முடிந்துவிடும். நேர விதியில் கைவைக்க வேண்டியதில்லை என்று குழுவில் பாதிப்பேர் ஏற்கனவே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் பெரியம்மா வீட்டில் சாப்பிட்டோம். பெரியப்பா நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். தாளை மூக்குக்கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார்.

"அப்போ இத்தனை வருஷமா முன் சீட்டுக்காரனை வீட்டு வாசல்ல கொண்டுபோய் எறக்கியிருக்கே. பின் சீட்டுக்காரனை ஸ்டாப்புக்கு முன்னாடியே தள்ளிவிட்டிருக்கே."

"தள்ளல. வண்டி நின்னப்புறம்தான் எறக்கினேன்" என்றார் பெரியம்மா.

"எங்க நிக்கணும்னு ஓட்டற நீயே முடிவு பண்ணா?"

"உங்க பஸ்ல நீங்க பண்ணதில்லையா? பேச வந்துட்டார்."

"பண்ணியிருக்கேன். அதுக்கு ரெண்டு மெமோ வாங்கியிருக்கேன். உன்னை மாதிரி உத்தமியா ரிட்டயர் ஆகல." அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "கையெழுத்துப் போட்டுட்டு வேலையைப் பாரு. பதினாலு மாசம்."

அம்மாவும் அதையேதான் சொன்னாள். "அக்கா, நீ சொன்னாலும் சொல்லாட்டியும் உலகம் அப்படியேதான் இருக்கும். உன் சீட்டுத்தான் போகும்."

"போகட்டும்டி, போகாம இருக்கட்டும். முதல்ல சோத்தைப் போடு" என்றார் பெரியம்மா. அதோடு அந்தப் பேச்சு நின்றது. ஆனால் சாப்பிட்டு முடிக்கும்போது யாரையும் பார்க்காமல், "ஆறு வருஷம் அந்த மனுஷன் ஒரே வரியைக் கேட்டிருக்கார்" என்றார்.

திங்கட்கிழமை காலை மேலாளரின் அறைக்கு அவர் இரண்டு தாளோடு போனார். ஒன்று மேலாளர் அனுப்பியது, கையெழுத்தில்லாமல். மற்றது கோடு போட்ட தாளில் அவர் கையால் எழுதியது. செயலருக்கு அனுப்ப நகல் எடுக்கச் சொல்லி என்னிடம் கொடுத்ததால் அதை நான் படித்தேன். 'மைக்குகளைக் கையால் அணைப்பவள் நான். முன்மேசையில் அவர்கள் முடிக்கும் வரை காத்திருந்தேன். பின்வரிசையில் மூன்று நிமிடத்துக்கு முன்பே வாக்கியம் முடிகிற இடத்தில் அணைத்தேன். இயந்திரத்தில் கோளாறு இல்லை.' இவ்வளவுதான்.

மேலாளர் நல்ல மனிதர். கோபப்படவில்லை. "அம்மா, நீங்களே உங்களுக்குக் குழி தோண்டறீங்க. கையால பண்றதுதான் தப்புன்னா நாளைக்கே டைமர் வெச்சுடுவாங்க. உங்க சீட் இருக்காது. யோசிச்சுட்டீங்களா?"

"யோசிச்சுட்டேன் சார். டைமர் நல்லதுதான். ஆனா பாதி வாக்கியத்துல வெட்டும்."

"அது உங்க பிரச்சினை இல்லையே."

"இல்லதான்" என்றார் பெரியம்மா. இரண்டு தாளையும் மேசையில் வைத்துவிட்டு மேலே வந்து, அன்று நடந்த துறைமுக அதிகாரிகள் கூட்டத்துக்கு மைக் போட்டார்.

குழு பதினொரு பரிந்துரைகள் செய்தது. நான்கை ஏற்றார்கள். வாக்குரிமையையும் அழைப்புப் பட்டியலையும் தொடவில்லை. பேசும் வரிசையைக் குலுக்கல் முறையில் எடுப்பது, எல்லோருக்கும் மூன்று நிமிடத்தில் தானாக அணையும் கருவி, பின்வரிசைக்கு வளையம் உள்ள மைக், பின்வரிசைக்கென ஓர் உதவியாளர், இவைதான் அந்த நான்கு. வரைவுகளை முன்னதாக அனுப்புவதைப் பற்றி யாரும் மாநாட்டில் கோரிக்கை வைத்ததாகப் பதிவில்லை என்று எழுதி, அதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்தார்கள்.

டைமர் வந்தது. பலகை இருந்த இடத்தில் ஒரு சின்னப் பெட்டி. ஏழாவது அறையைப் பூட்டினார்கள். பின்வரிசைக்கான உதவியாளர் வேலையைப் பெரியம்மாவுக்குக் கொடுத்தார்கள். ஓய்வுக்கு ஏழு மாதம் இருந்தது. பச்சை மெத்தையைக் கீழே கொண்டுபோய்ப் பார்த்தார். உதவியாளர் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்று சொன்னதால், அதை மேலேயே விட்டுவிட்டார்.

அந்த வருட மாநாட்டின் முதல் நாள், குலுக்கலில் தீவு நாட்டுக்கு மூன்றாவது எண் விழுந்திருந்தது. காலை பத்தேகால். வழுக்கைத்தலைக்காரர் தூணுக்குப் பக்கத்தில் தாளை வைத்துக்கொண்டு நின்றார். பெரியம்மா மைக்கின் உயரத்தை அவருக்கு இறக்கிக்கொடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். எனக்குப் பன்னிரண்டு மணிக்குத்தான் முறை. இருவருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொன்னேன்.

"ஆறு வருஷமா உங்க மைக்கை அணைச்சது நான்தான்னு சொல்லு. நன்றி சொன்னதும் முடிஞ்சிடுச்சுன்னு அணைச்சுட்டேன். கடைசி வரியை யாரும் கேக்கல."

அவர் பெரியம்மா பக்கம் திரும்பினார். பிறகு, "கேட்டுட்டு மறுத்தாங்கன்னு நெனச்சேன்மா. ஊர்லயும் போய் அப்படித்தான் சொன்னேன், மறுத்துட்டாங்கன்னு. கேக்கவே இல்லையா?" என்றார்.

"இல்ல."

"அப்போ இன்னும் யாரும் மறுக்கல" என்றார். அவர் முகத்தில் இருந்தது கோபமா, நிம்மதியா, எனக்குத் தெரியவில்லை.

"இன்னைக்கு மூணு நிமிஷம் முழுசா இருக்கு. ஆனா மெஷின் ஒரு செகண்டு கூட விடாது. நன்றியை முதல்லயே சொல்லிடச் சொல்லு. கேக்கறதை அடுத்ததா கேக்கட்டும். கடல் கதையெல்லாம் அப்புறம்."

அவர் பேனாவை எடுத்து, தாளின் கடைசி இரண்டு வரிகளைச் சுற்றி ஒரு அம்புக்குறி போட்டு மேலே கொண்டுபோனார். வளையம் எரிந்தது. நன்றி சொன்னார். கேட்டார். பிறகு கடலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில் ஒரு சொல்லின் நடுவில் மைக் அணைந்தது. வளையம் அணைந்ததைப் பார்த்து அவரும் நிறுத்திக்கொண்டார். கோரிக்கை பதிவில் ஏறியது. வரைவுகளின் மொழியைப் பற்றிப் பேச வேறு மூன்று நாடுகள் பெயர் கொடுத்தன.

ஐந்தாவதாகப் பேசியவர் நீள்வட்ட மேசைக்காரர். அவரையும் மூன்று நிமிடத்தில், ஒரு சொல்லின் நடுவில், கருவி நிறுத்தியது. அவருக்குப் பழக்கமில்லை. வாயை அசைத்துக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்து மேலே ஏழாவது கண்ணாடியைப் பார்த்தார். தலைவரும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேதான் பார்த்தார். காலி நாற்காலியும் அதில் சாய்த்துவைத்த பச்சை மெத்தையும் தெரிந்திருக்கும்.

வருடக் கடைசியில் பணிப்பதிவேட்டில் கையெழுத்து வாங்க மேலாளர் கூப்பிட்டார். மாநாட்டில் பேச்சைப் பாதி வாக்கியத்தில் துண்டித்ததாக நீள்வட்ட மேசை நாடு ஒன்று எழுதிக் கொடுத்திருந்தது. புகார்ப் படிவத்தில் மைக் இயக்குபவர் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. யாரோ பழைய பட்டியலைப் பார்த்து அதில் பெரியம்மாவின் பெயரை நிரப்பியிருந்தார்கள்.

"இது எப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரியலம்மா. ஆட்சேபம் எழுதிக் கொடுங்க, எடுத்துடறேன். மூணு மாசம் ஆகும்."

பெரியம்மாவுக்கு அப்போது ஓய்வுக்கு இரண்டு மாதம். புகாரை முழுதாகப் படித்தார்.

"மூணு நிமிஷம் ஆயிருந்ததா சார்?"

"டைமராச்சே, ஆகாம என்ன?"

"அப்ப இருந்துட்டுப் போகட்டும்" என்றார். இருபத்துமூன்றாவது வரியில் 'புகார்: ஒன்று' என்றிருந்த இடத்துக்கு நேராகக் கையெழுத்துப் போட்டார். பிறகு ஏழாவது அறைச் சாவியைக் கேட்டு வாங்கி, மேலே போய் மெத்தையை எடுத்துக்கொண்டு வந்தார்.